மூத்தவர் முதலில் குனியும் வழக்கம் எங்கிருந்து வந்தது

“செவ்வாய், காலை வகுப்பு. வருகை பதினேழு. மழை. தற்காப்புப் பயிற்சி: மணிக்கட்டுப் பூட்டு. எஸ்தர் (சிவப்பு பெல்ட்), மூத்த மாணவர் பிரதீப்பை (கறுப்பு பெல்ட், இரண்டாம் நிலை) வணக்கமோ உத்தரவோ இன்றி முகத்தில் அடித்தார். மூக்கில் இரத்தம். வகுப்பு ஆறு ஐம்பதுக்கு நிறுத்தப்பட்டது.”

எங்கள் தேக்வாண்டோ பயிற்சிக் கூடத்தின் வருகைப் பதிவேட்டில், ஒரு ஜூன் மாதத்தின் இரண்டாம் செவ்வாய்க்கு எதிரே இருக்கும் குறிப்பு இது. கையெழுத்து என்னுடையது. ஆண்டை வேண்டுமென்றேதான் விட்டிருக்கிறேன். எழுதினால் ‘சாலை’ என்றே பெயர் கொண்ட எங்கள் கடைவீதியில் பாதிப் பேர் ஆட்களை அடையாளம் சொல்லிவிடுவார்கள். பெயர்களை மாற்றியிருப்பதும் அதற்காகத்தான். நாளும் மணியும் பதிவேட்டில் உள்ளபடியே.

இந்தக் குறிப்பில் பொய்யான சொல் ஒன்றுகூட இல்லை. ஆனாலும் இதை மட்டும் படிக்கிறவருக்கு அன்று நடந்தது தெரியவராது. அந்தக் குறையை எழுதியவனே தீர்க்க வேண்டும் என்று நெடுநாளாக நினைத்திருந்தேன். போன மாதம் ரம்யா தொலைபேசியில் அழைத்தது காரணமாயிற்று. நான் ஓய்வுபெற்ற பிறகு கூடத்தை நடத்துகிறவள் அவள்தான்.

“அங்கிள், செமினார்ல ஒரு சார் என்னை நிறுத்திட்டாரு. தற்காப்பு பிராக்டீஸ்ல எங்கேயும் ஜூனியர்தான் முதல்ல குனியணும், நிங்கள் ஹால்ல மட்டும் சீனியர் குனியறது எந்த கொரியன் மேனுவல்ல இருக்கு, பேஜ் நம்பர் சொல்லுன்னாரு. நான் பேந்தப் பேந்த முழிச்சேன். எவிடெயாணு அங்கிள் அது?”

“எந்தப் பக்கத்திலும் இல்லை” என்றேன்.

“பின்னே?”

அந்தப் ‘பின்னே’க்குப் பதில்தான் இது.

வலியசாலை அக்ரஹாரத்தில் பிறந்து, உதைக்கக் கற்றுக்கொடுக்கும் வேலையில் ஓய்வுபெற்றவன் நான் ஒருவனாகத்தான் இருப்பேன். மாறான தகவல் கிடைத்தால் திருத்திக்கொள்ளத் தயார். இருபத்திரண்டு வயதில் வெள்ளை பெல்ட் கட்டினேன். ஆறு ஆண்டில் கறுப்பு. இடது முட்டி அத்தோடு போதும் என்று சொல்லிவிட்டதால் முதல் நிலைக்கு மேல் போகவில்லை. துணைப் பயிற்சியாளர் வேலை, பதிவேடு, சான்றிதழ் எழுதுவது, மார்புக் கவசங்களைக் கழுவிக் காயவைப்பது ஆகிய அனைத்தும் என் பொறுப்பு. இப்போதைய கவசத்தில் உதையை எண்ண மின்னணுக் கருவி இருக்கிறது. அப்போது எண்ணியது நாங்கள்தான். எங்கள் கண்ணில் பட்டதுதான் புள்ளி.

கூடம் சாலைக் கடைவீதியில் ஓர் இரும்புக் கிடங்குக்கு மேலே இருந்தது. ஆணியும் கயிறும் கலந்த வாசனை படியேறி வரும். காலை ஆறிலிருந்து ஏழரை வரை வகுப்பு. அந்த நேரத்துக்கு வருகிறவர்கள் பெரும்பாலும் வேலைக்குப் போகிறவர்கள்தான்.

அப்போது கூடத்தை நடத்திய கோபி மாஸ்டர் ஐந்தரைக்கே வந்துவிடுவார். செருப்பை வாசல் பார்த்துத் திருப்பி வைப்பார். ஈரத்துணியை எடுத்துத் தரைவிரிப்பை மூலையிலிருந்து மூலைக்கு அவரே துடைப்பார். துணியை வாங்க யாராவது கை நீட்டினால் “நீ கால் நீட்டு, சூடாகட்டே” என்பார். வாலிபத்தில் சென்னைத் துறைமுகத்தில் சில ஆண்டு வேலை பார்த்தவர். அதனால் எங்களிடம் ஒரு தமிழ் பேசுவார். அதில் மலையாளம் பாதி இருக்கும். குரல் உயர்ந்து நான் கேட்டதில்லை. கோபம் வந்தால் தன் பெல்ட்டை அவிழ்த்து, இரு நுனியும் சமமாகத் தொங்கும்படி மெதுவாகக் கட்டிக்கொள்வார். அவர் கை பெல்ட்டுக்குப் போனால் கூடம் அடங்கிவிடும்.

மரியாதை முறைகளைச் சொல்லாமல் மற்றது புரியாது. வரிசையில் மூத்தவர்கள் முன்னால், அவர்களிலும் மிக மூத்தவர் வலக்கோடியில். புதியவர்கள் கடைசி வரிசையில் இடக்கோடியில். எதையும் இரு கையால் தர வேண்டும், இரு கையால் வாங்க வேண்டும். ஆடை கலைந்தால் மாஸ்டருக்கு முதுகைக் காட்டித் திரும்பி நின்றுதான் சரிசெய்ய வேண்டும். நம் ஊரில் பெரியவருக்கு முதுகைக் காட்டினால் திமிர் என்பார்கள். இங்கே காட்டாமல் பெல்ட் கட்டினால்தான் திமிர். இருவர் பயிற்சி தொடங்குமுன் இளையவர் முதலில் குனிந்து வணங்குவார். மூத்தவர் பதிலுக்குக் குனிந்து நிமிரும்வரை இளையவர் நிமிரக் கூடாது. மாஸ்டர் பொதுவாக ஒன்றைக் கேட்டால் பதில் வலக்கோடியிலிருந்து தொடங்கும். மூத்தவர் ஒன்று சொன்ன பிறகு இளையவர் வேறு சொல்வதில்லை. சொல்லக் கூடாது என்று விதி கிடையாது. யாரும் சொன்னதில்லை, அவ்வளவுதான்.

இவற்றையெல்லாம் பதினொரு விதிகளாகத் தொகுத்து, அட்டையில் எழுதிச் சுவரில் மாட்டியவன் நான். நூலகத்தில் கொரியாவைப் பற்றிக் கிடைத்த புத்தகங்களையெல்லாம் எடுத்துப் படித்து, குறிப்பெடுத்து எழுதினேன். ஆறாம் விதி: பயிற்சியின்போது கீழ்நிலையில் உள்ளவர் மேல்நிலையில் உள்ளவரைத் திருத்தலாகாது. பதினொன்றாம் விதி: உத்தரவின்றி மூத்தவரை அடிப்பவர் ஓராண்டு தேர்வுக்கு அனுப்பப்படமாட்டார்.

அட்டையில் இல்லாத ஒரு பழக்கமும் இருந்தது. தற்காப்புப் பயிற்சியில் ஒருவர் கையை மற்றவர் பிடித்துப் பூட்டுவார். வலி பொறுக்க முடியாத இடம் வந்ததும், பிடிபட்டவர் மற்றக் கையால் தொடையில் தட்டினால் உடனே விட வேண்டும். உலகம் முழுவதும் அப்படித்தான். எங்கள் கூடத்தில் மட்டும், பிடித்தவர் மூத்தவராக இருந்தால், தட்டினால் போதாது. “தேங்க் யூ சார்” என்று வாயால் சொன்ன பிறகே கை கிடைக்கும். யார் தொடங்கியது என்று பதிவேடுகளில் தேடிப் பார்த்துவிட்டேன், இல்லை. எனக்கு அப்படித்தான் செய்தார்கள். நானும் செய்திருக்கிறேன். அதை விளையாட்டு என்று நினைத்தோம். பணிவு என்று வந்தவர்களிடம் விளக்கமும் சொன்னோம்.

எஸ்தர் பாறசாலைப் பக்கத்துப் பெண். அப்போது இருபத்தாறு வயது. சாலைக் கடைவீதியில் ஒரு மொத்த விலை ஜவுளிக் கடையில் சேலைப் பிரிவில் நின்றாள். ‘நின்றாள்’ என்பதை அப்படியே எடுத்துக்கொள்ளலாம்; அங்கே உட்கார ஸ்டூல் கிடையாது. கிள்ளிப்பாலத்தில் பெண்கள் விடுதியில் தங்கி, காலையில் எங்களிடம் வந்து, ஒன்பதரைக்குக் கடைக்குப் போவாள். ஐந்தாண்டாக வகுப்புக்கு அவள் வராத நாட்களை இரு கை விரல்களில் எண்ணிவிடலாம். ஒரு பெண்கள் பள்ளியில் தற்காப்பு கற்பிக்க அவளை எடுத்துக்கொள்வதாகச் சொல்லியிருந்தார்கள். சிவப்புக்கு அடுத்த படியான கறுப்பு பெல்ட்டின் சான்றிதழ் மட்டும் வேண்டும். தேர்வு அந்த மாதத்தின் கடைசி ஞாயிறு. தப்பினால் பள்ளி வேறு ஆளை எடுத்துவிடும்.

பிரதீப் விழிஞ்ஞம் துறைமுகக் கட்டுமானத்தில் சூப்பர்வைசர். என்னைவிடப் பதினெட்டு வயது இளையவன்; பெல்ட்டில் ஒரு நிலை மூத்தவன். நான் சொல்லிக்கொடுப்பேன், அவன் எனக்கு வலப்புறம் நிற்பான். நல்ல பையன் என்றே அன்றும் எழுதியிருப்பேன், இன்றும் எழுதுவேன். யாருக்காவது ரத்தம் வேண்டுமென்றால் முதலில் வண்டியை எடுப்பவன் அவன்தான்.

அந்தச் செவ்வாயன்று மாஸ்டர் கண் மருத்துவரிடம் போயிருந்தார். வகுப்பு என் பொறுப்பு. மழையில் ஓட்டுக்கூரை சத்தம் போட்டுக்கொண்டிருந்தது. பிரதீப்புக்கு ஜோடியாக எஸ்தரை நிறுத்தினேன். தேர்வுக்குப் பழக்கமாகட்டும் என்றுதான். அவள் முதலில் குனிந்தாள், அவன் குனிந்தான். அவள் வலது மணிக்கட்டைப் பிடித்து உள்ளே மடக்கி, முழங்கையை மேலே தூக்கிப் பூட்டினான். சுத்தமான பூட்டு.

அவள் இடது கையால் தொடையில் தட்டினாள். அவன் விடவில்லை. மறுபடி தட்டினாள்.

“தேங்க் யூ சார் சொல்லு எஸ்தரே, விடறேன்” என்றான் அவன், சிரித்துக்கொண்டே.

அவள் சொல்லவில்லை.

“கடையில கஸ்டமருக்கு எத்தற தேங்க் யூ சொல்லுற? எனிக்கு ஒண்ணு சொல்லக் கூடாதா?”

இரண்டு மூன்று பேர் சிரித்தார்கள். நான் நான்கடி தூரத்தில் நின்றிருந்தேன். அவள் முகத்தைப் பார்த்தேன். உதடு வெளுத்திருந்தது. ‘விடு’ என்று ஒரு சொல் சொல்லியிருக்கலாம். எனக்கு ஆறாம் விதி நினைவுக்கு வந்தது. சுவர்க்கடிகாரத்தைப் பார்த்தேன்.

சத்தம் கேட்டுத் திரும்பியபோது பிரதீப் மூக்கைப் பொத்திக்கொண்டு உட்கார்ந்திருந்தான். தட்டிக்கொண்டிருந்த அதே இடது கையின் உள்ளங்கை அடிப்பாகத்தால், கீழிருந்து மேலாக ஒரே அடி. இதுவும் நாங்கள் சொல்லிக்கொடுத்ததுதான்.

“மணியண்ணா, எழுது” என்றான் அவன், துவாலைக்குள்ளிருந்து. “குனிஞ்சு வணங்கலை, ஆர்டர் இல்லை. சும்மா அடிச்சா. எழுது.”

எஸ்தர் தன் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டு நின்றாள். “நான் தட்டினேன் சாரே” என்றாள். நான் பதிவேட்டை எடுத்து, மேலே கண்ட குறிப்பை எழுதினேன்.

மறுநாள் புதன், வகுப்பு இல்லை. காலையிலேயே பிரதீப் மூக்கில் பிளாஸ்திரியோடு வந்து மாஸ்டரிடம் இரண்டு கேட்டான். எல்லார் முன்னும் அவள் மன்னிப்புக் கேட்க வேண்டும். பதினொன்றாம் விதிப்படி தேர்வுப் பட்டியலிலிருந்து அவள் பெயரை எடுக்க வேண்டும். “சைட்ல எல்லாரும் கேக்கறாங்க மாஸ்டர், ஆரு அடிச்சதுன்னு. கிரேன் இடிச்சிட்டுன்னு சொல்லி வெச்சிருக்கேன்.”

அவன் போன பிறகு மாஸ்டர் பதிவேட்டை இரு கையாலும் எடுத்து என் குறிப்பை இரண்டு முறை படித்தார்.

“மணி, அவ தட்டினதா பறயுன்னு. நீ கண்டோ?”

“அந்த நேரம் கிளாக்கைப் பார்த்துண்டிருந்தேன், மாஸ்டர்.”

“கிளாக்கில எத்தற மணி?”

“ஆறு நாற்பத்தெட்டு.”

“நிமிஷம் வரைக்கும் கண்டிருக்கே” என்றார். கை பெல்ட்டுக்குப் போனது.

அன்று மதியம் எஸ்தரின் கடைக்குப் போனேன். நல்லது செய்வதாகத்தான் நினைத்தேன். இரண்டு வரி மன்னிப்புக் கடிதம் கொடுத்துவிட்டால் விதி பதினொன்றைத் தளர்த்தச் சொல்லி மாஸ்டரிடம் பேசலாம் என்று கணக்குப் போட்டிருந்தேன். அவள் ஒரு சேலையை மடித்துக்கொண்டிருந்தாள். வலது மணிக்கட்டில் கட்டு.

“ரெண்டு வரிதான். நானே எழுதித் தரேன். நீ கையெழுத்து மட்டும் போடு.”

“என்னன்னு எழுதுவிய?”

“தவறுதலாக் கை பட்டுடுத்துன்னு.”

“தவறுதலா ஒண்ணும் படேல்ல சாரே. பாத்துத்தான் அடிச்சேன்.” சேலையை அடுக்கில் வைத்தாள். “நான் அந்த ஸ்கூல்ல போயி புள்ளையளுக்கு என்ன சொல்லிக் குடுக்கணும்? எவனாவது கையைப் பிடிச்சா தட்டுங்க மக்கா. விடேல்லன்னா தேங்க் யூ சொல்லுங்க, விடுவான்னா?”

நான் அடுக்கிலிருந்த ஒரு சேலையின் விலைச்சீட்டைப் படித்தேன்.

“எனக்க பேரை வெட்டினா வெட்டட்டும். இன்னும் கொஞ்ச காலம் இங்கதான நிப்பேன், நின்னு பழக்கம்தான்” என்றாள். பிறகு குரலைத் தாழ்த்தி, “நீங்க பாத்திய சாரே. எனக்குத் தெரியும். என்னைப் பாத்துட்டுத்தான் கிளாக்கைப் பாத்திய” என்றாள்.

அதற்குள் முதலாளி எட்டிப் பார்த்தார். ஒரு கைக்குட்டை வாங்கிக்கொண்டு வந்துவிட்டேன்.

சாயங்காலம் வீட்டில் விசாலத்திடம் நடந்ததைச் சொன்னேன். மனைவியிடம் எல்லாவற்றையும் சொல்லிவிடுவது என் வழக்கம். சில நாள் அதுவே வினையாகும். அவள் மூக்குக்கண்ணாடியைத் துடைத்தபடி கேட்டுக்கொண்டிருந்தாள்.

“இருங்கோன்னா. நீங்க பாத்தேளா, பாக்கலையா?”

“முழுக்கப் பார்த்தேன்னு சொல்ல முடியாது. அதாவது...”

“நான் முழுக்கக் கேக்கலையே. பாத்தேளா?”

“முதல் ரெண்டு தட்டு பார்த்தேன்.”

“பின்ன கிளாக்கைப் பாத்தேன்னு ஏன் சொன்னேள்?”

“அதையும் பார்த்தேனே.”

கண்ணாடியை மாட்டிக்கொண்டு என்னைப் பார்த்தாள். “பதினோரு விதி எழுதி சுவத்துல மாட்டினேளே, எழுத்து நன்னாருக்கான்னு என்னண்ட காட்டினேளே. பாத்ததைப் பாத்தேன்னு சொல்லணும்னு அதுல ஒண்ணு எழுத இடம் இல்லையாக்கும்?”

அன்று வீட்டில் அதற்குமேல் பேச்சு இல்லை. தோசை மட்டும் வந்தது.

வியாழன் காலை வகுப்பு. வருகை பதினெட்டு, செவ்வாய் வந்த அத்தனை பேரும், கூடவே மாஸ்டரும். ஆறு மணிக்கு மூன்று வரிசையாக நின்றோம். வலக்கோடியில் பிரதீப், அடுத்து நான். எஸ்தர் இரண்டாம் வரிசையில். பிரதீப் நெஞ்சை நிமிர்த்தி நின்றான். கேள்வி தன்னிடம்தான் முதலில் வரும் என்று அவனுக்குத் தெரியும். ‘தட்டவில்லை’ என்று அவன் சொல்லிவிட்டால், அவனுக்குக் கீழே இருக்கும் ஒருவரும் வேறு சொல்லப்போவதில்லை. அவன் அப்படிச் சொன்னால் நான் என்ன சொல்வேன் என்பது எனக்கே தெரியவில்லை. இதை எழுதுவது சுகமாக இல்லை. ஆனால் அதுதான் நிலைமை.

மாஸ்டர் எங்கள் எதிரே வந்து நின்றார். வணக்கம் முடிந்தது. “எல்லாரும் திரும்பு. டிரஸ் சரியாக்கு” என்றார். பதினேழு பேரும் அவருக்கு முதுகைக் காட்டித் திரும்பினோம். பெல்ட்டை இறுக்கிக்கொண்டிருக்கும்போது அவருடைய காலடி எங்களைக் கடந்து போவது கேட்டது. மறுபடி திரும்பு என்ற உத்தரவுக்குக் காத்திருந்தோம். அது வரவில்லை. தலையை உயர்த்தினால், பின்சுவருக்கு முன்னால் மாஸ்டர் எங்களைப் பார்த்து நிற்கிறார். கடைசி வரிசை முதல் வரிசையாகிவிட்டது. பிரதீப்பும் நானும் எல்லாருக்கும் பின்னால் நின்றோம்.

இப்போது முதல் ஆள் சுடலைமுத்து. சங்கரன்கோவில்காரர், நாற்பத்தைந்து வயது, தம்பானூரில் ஒரு ஹோட்டலில் பரோட்டா மாஸ்டர். வயிறு குறைய வேண்டும் என்று டாக்டர் சொன்னதால் மூன்று வாரம் முன்புதான் வெள்ளை பெல்ட் கட்டியிருந்தார். மாஸ்டர் அவருக்கு எதிரே போய் நின்று, இடுப்பிலிருந்து குனிந்து, முதலில் அவரை வணங்கினார்.

அத்தனை ஆண்டில் நான் பார்க்காத காட்சி அது. சுடலைமுத்து பதறிப்போய் இன்னும் கீழே குனிந்து, விழப் பார்த்து, கையை ஊன்றி எழுந்தார்.

“செவ்வாழ்ச்ச எஸ்தர் தட்டினதை நிங்கள் கண்டோ?”

“கண்டேன் சார். மூணு தடவ தட்டுனாவ.”

“மூணுன்னு எங்ஙனெ தெரியும்?”

“எண்ணுனேம்லா. அடுத்த ஆளு நான்தான. எத்தன தட்டுக்கு விடணும்னு நமக்குத் தெரியாதுல்லா, புதுசு. அதான் பாத்து எண்ணிக்கிட்டு இருந்தேன். மூணு ஆச்சு, அண்ணாச்சி விடக் காணோம். அப்ப அஞ்சு போலன்னு நெனச்சேன். அதுக்குள்ள அந்தப் பிள்ள அடிச்சிட்டாவ.”

யாரும் சிரிக்கவில்லை. மாஸ்டர் அடுத்தவரை வணங்கினார், கேட்டார். அடுத்தவர். ஒருவர் பார்க்கவில்லை என்றார். ஒருவர் இரண்டு என்றார். தட்டும் சத்தம் கேட்டது, எண்ணவில்லை என்றார் ஒருவர். செவ்வாயன்று சிரித்தவர்களில் ஒருவர், “தட்டினா மாஸ்டர். நான் சிரிச்சேன், தப்புதான்” என்றார். எஸ்தரிடம் வந்தபோது வணங்கிவிட்டு, கேட்காமல் கடந்துபோனார்.

எனக்கு முன்னால் வந்தார். எனக்கு மேலே வேலை செய்தவர், எனக்குக் கறுப்பு பெல்ட்டைக் கட்டிவிட்டவர், என் முன்னால் குனிந்தார். நரைத்த உச்சி தெரிந்தது.

“ரெண்டு பார்த்தேன் மாஸ்டர்” என்றேன். “அதுக்கப்புறம் வேணும்னே கண்ணை எடுத்துட்டேன். நேத்து உங்ககிட்டச் சொன்னது சரியில்லை.”

தலையசைத்தார். பிரதீப்பையும் அதே அளவு குனிந்து வணங்கினார். பிரதீப் தன் மணிக்கட்டை நீட்டிக் காட்டினான்.

“மாஸ்டர், எல்லாரும் இங்ஙனெத்தானே? நான் யெல்லோ பெல்ட்ல இருந்தப்போ என் கையை இதேபோலப் பிடிச்சிருக்காங்க. இதோ, மணியண்ணாவே பிடிச்சிருக்காரு. நான் தேங்க் யூ சொன்னேன். அழுதுட்டுச் சொன்னேன்.”

“உண்மை” என்றேன். எனக்கு அந்த நாள் நினைவில்லை. ஆனாலும் உண்மை.

“தெரியும்” என்றார் மாஸ்டர். “நானும் அதைக் கண்டும் மிண்டாம, பேசாம இருந்திருக்கேன். ஒரு நாளல்ல.” பெல்ட்டை அவிழ்த்தார், இரு நுனியும் சமமாகக் கட்டினார். “தட்டினா தீர்ந்நு. அதுக்குமேலே பிடிக்கிறது பயிற்சியல்ல. பின்னெ அவ செஞ்சதுதான் பயிற்சி. பதினொன்னாம் விதி இவளுக்குப் பொருந்தாது. கடைசி ஞாயிறு அவ பரீட்சைக்குப் போறா. பிரதீப், நீ அவளை முதல்ல வணங்கு.”

பிரதீப் அவளுக்கு எதிரே போனான். இரண்டாம் நிலைக் கறுப்பு பெல்ட், சிவப்பு பெல்ட்டின் முன்னால் குனிந்தான். முறைப்படி, அவள் பதிலுக்குக் குனிந்து நிமிரும்வரை அவன் நிமிரக் கூடாது. அவள் குனியவில்லை. நேரே நின்று, எல்லாருக்கும் கேட்கும்படி, அவசரமில்லாமல் எண்ணினாள்.

“ஒண்ணு. ரெண்டு. மூணு. நாலு.”

பிறகு குனிந்தாள். அவன் அளவுக்கே குனிந்தாள். இருவரும் ஒன்றாக நிமிர்ந்தபோது பிரதீப்பின் கண் சிவந்திருந்தது. மூக்கு அடிபட்டதால் அப்படி என்று பிறகு எல்லாரிடமும் சொன்னான். மறுக்க என்னிடம் சான்றில்லை.

அன்றே பதிவேட்டில் பழைய குறிப்பை அடிக்காமல், அதன் கீழே எழுதினேன்: “மேற்கண்டதற்கு முன் எஸ்தர் விடுவிக்கும்படி பலமுறை தட்டினார். இதைப் பதிவு செய்தவர் பார்த்தும் எழுதவில்லை.” ஆறாம் விதியை அட்டையிலிருந்து எடுத்தோம். அந்த இடத்தில் மாஸ்டர் சொல்ல நான் எழுதியது: தற்காப்புப் பயிற்சியில் மூத்தவர் முதலில் குனிவார், ஒரு தட்டுக்கு விடுவார், வாய்ப்பேச்சு வேண்டாம். ரம்யா கேட்ட பக்க எண் இதுதான்.

மாதத்தின் கடைசி ஞாயிறன்று எஸ்தர் தேர்ச்சி பெற்றாள். வலது மணிக்கட்டில் கட்டோடே பலகை உடைத்தாள், இடது கையால். சான்றிதழில் பெயரை எழுதியவன் நான். ஜூலையில் பள்ளியில் சேர்ந்தாள். இன்றும் அங்கேதான் இருக்கிறாள். தன் வகுப்பில் முதல் நாள் முதல் பாடமாகத் தட்டுவதைத்தான் சொல்லிக்கொடுக்கிறாளாம்.

பிரதீப் வராமல் நின்றுவிடுவான் என்று நினைத்தேன். அந்த வியாழனுக்கு அடுத்த செவ்வாயே வந்தான். நேரே எஸ்தரிடம் போய், முதலில் குனிந்து, மணிக்கட்டை நீட்டினான். அவள் பூட்டினாள். அவன் ஒருமுறை தட்டினான், அவள் விட்டுவிட்டாள். அவன் வாயைத் திறக்குமுன், “தேங்க் யூ எல்லாம் வேண்டாம் சாரே, அடுத்த ஆளு நிக்கி” என்றாள்.

இதை எழுத உட்கார்ந்தபோது ஓர் எண்ணிக்கையைச் சரிபார்க்க நினைத்தேன். சுடலைமுத்து மூன்று என்றார். இப்போது அவர் ஊரோடு போய்விட்டார், கேட்க வழியில்லை. பிரதீப்பை அழைத்தேன். “மணியண்ணா, சத்தியமா எனிக்கு எத்தறன்னு தெரியாது. நான் அவ கையைப் பாக்கவே இல்லை” என்றான். எஸ்தரை அழைத்தேன். “நாலு” என்றாள். “மூணு தட்டு அவருக்கு. நாலாவதை உங்களைப் பாத்துத் தட்டினேன் சாரே.”

இரண்டு வரை நான் சாட்சி. மூன்றாவதற்கு சுடலைமுத்து சாட்சி. நான்காவது தட்டு உண்டா இல்லையா என்பதை என்னால் உறுதிசெய்ய முடியவில்லை. அதைப் பார்த்திருக்க வேண்டியவன் அப்போது கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தான்.